திரையில் ஒரு நாட்காட்டி



சுவரிலே தொங்கும் நாட்காட்டி நம்மிடம் எதையும் கேட்பதில்லை. மாதத்தின் முப்பத்தோராம் நாளிலே வட்டிப் பணம் கட்ட வேண்டும் என்று அதன் ஓரத்திலே பென்சிலாற் குறித்து வைத்தால், முப்பது நாட்களே உள்ள மாதத்தில் என்ன செய்வது என்று அது வினவாது. அந்நாள் வரும்போது நாமே பார்த்துக்கொள்வோம். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் வந்து அமர்ந்துவிட்ட நாட்காட்டியின் நிலை அவ்வாறன்று. நாம் ஒரு குறிப்பை எழுதும் அக்கணத்திலேயே, இனி வரப்போகும் எல்லா மாதங்களையும் பற்றி அது ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அம்முடிவை நம்மைக் கேட்டு எடுப்பதும் உண்டு; கேளாமலே எடுப்பதும் உண்டு. கேளாமல் எடுக்கும் முடிவுகளே மிகுதி. அவற்றுட் சில எவ்வாறு எடுக்கப்பட்டன, அவற்றால் நமக்கு விளையும் நன்மை தீமைகள் யாவை என்பன பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

மென்பொருளின் உள்ளே நடைபெறும் கணக்கு வேறு. திரையிலே நாம் காணும் எழுத்து, கட்டம், பொத்தான், நிறம், நம் காதில் விழும் மணியோசை ஆகியன வேறு. பின்னவற்றின் தொகுதியைப் பயனர் இடைமுகம் என்று இத்துறையினர் வழங்குவர். நாம் ஒன்றும் சொல்லாதவிடத்து மென்பொருள் தானாகவே ஏற்றுக்கொள்ளும் தெரிவுக்கு முன்னிருப்பு என்று பெயர். இவ்விரு சொற்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் இவ்வுரைக்குப் போதும். படம் காட்ட இயலாத வானொலியிலே திரையைப் பற்றிப் பேசுவது சற்று இடர்ப்பாடான காரியந்தான். ஆயினும் திரையைக் காணாமலே இம்மென்பொருள்களை நாள்தோறும் கையாள்வோர் உளர். அவர்களைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

தொடக்கத்தில் இம்மென்பொருள்களை ஆக்கியோர் காகித நாட்குறிப்பையே திரையில் வரைந்து வைத்தனர். 1990களின் முற்பகுதியில் வெளிவந்த லோட்டஸ் ஓகனைசர் என்னும் மென்பொருள், வளையங்கள் கோத்த ஒரு தடித்த குறிப்பேடாகவே திரையில் தோன்றிற்று. பக்க ஓரத்திலே நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டிய வேலை என்று நிறம் நிறமான துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். வேண்டாத குறிப்பைக் குப்பைக்கூடையில் இட்டால் அது தீப்பற்றி எரிவதையும் காணலாம். புதிதாகக் கணினி பழகியோருக்கு அவ்வமைப்புப் பெருந்துணையாயிற்று என்பதை மறுத்தற்கில்லை. அப்பிள் நிறுவனம் 2011இல் தன் மக் கணினிகளின் நாட்காட்டிக்குத் தோலுறையும் தையலும், கிழித்தெடுத்த தாளின் எச்சமும் வரைந்தது. 2013இல் அவ்வளவையும் களைந்துவிட்டது. தோலும் தையலும் இருந்தமையால் வந்த கேடு பெரிதன்று. காகிதத்துக்குரிய எல்லைகளும் அவற்றோடு கூடவே வந்தமைதான் குறை. காகிதத்தில் ஒரு மாதம் ஒரு பக்கத்தோடு முடியும். மாதக் கடைசியில் நிற்பவர் அடுத்த வாரத்தைக் காண வேண்டுமாயின் பக்கத்தைப் புரட்ட வேண்டும். திரைக்கு அக்கட்டாயம் இல்லை. வாரம் வாரமாக அது மேலே நகரலாம். இருந்தும் பல மென்பொருள்களின் மாதக்காட்சி, மாதத்தின் இறுதி நாளன்று கடந்துபோன நான்கு வாரங்களை விரித்துக் காட்டிவிட்டு, வரப்போகும் நாட்களில் ஒரு சிலவற்றையே மங்கலாகக் காட்டுகின்றது.

வேறொரு வழியிற் சென்றவர் ஜெவ் ஹோக்கின்ஸ் என்னும் அமெரிக்கர். பாம் பைலட் என்னும் கைக்கணினி 1996இல் வெளிவந்தது. அதனை ஆக்குமுன் அவர், சட்டைப் பையில் அடங்கக்கூடிய ஒரு மரத்துண்டைச் செய்து, அதனை உடன்கொண்டு திரிந்தார். யாரேனும் சந்திப்புக்கு நாள் கேட்டால், அந்த மரத்துண்டை வெளியே எடுத்து அதில் ஏதோ எழுதுவது போலப் பாவனை செய்வார். கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ! ஆயினும் அம்மரத்துண்டு அவருக்கு ஓர் உண்மையைக் கற்பித்தது. பேச்சின் நடுவே ஒருவர் நாட்குறிப்பை எடுப்பதற்கு எதிரே இருப்பவர் பொறுத்திருக்கும் காலம் மிகக் குறுகியது. அதற்குள் நாளைக் கண்டு, குறித்து, மூடி வைக்க இயலாவிடின் அக்கருவி பையிலேயே கிடக்கும். ஆகவே நாட்காட்டிக்கும், முகவரிக்கும், வேலைப் பட்டியலுக்கும், குறிப்புக்குமென நான்கு பொத்தான்களைக் கருவியின் முகத்திலேயே பதித்தனர். அகலத்திலும் உயரத்திலும் 160 புள்ளிகளே கொண்ட சிறு திரையில், புதிய குறிப்பை எழுதும் பொத்தான் எப்போதும் கண்முன் நின்றது. அழிக்கும் வேலையோ உள்ளே ஒரு பட்டியலுக்குள் ஒதுங்கிக்கொண்டது. சேர்த்தலும் அழித்தலும் இணை என்று கருதி இரண்டையும் அருகருகே வைப்பதே ஒழுங்கு என்று தோன்றும். ஆனால் மனிதர் நாட்குறிப்பில் எழுதுவது பலமுறை, அழிப்பது சிலமுறை. அடிக்கடி செய்வதற்கு அருகிலும் அரிதாகச் செய்வதற்குச் சற்று அப்பாலும் இடமளித்தனர். இன்றைய கைத்தொலைபேசி நாட்காட்டிகளின் மூலையிலே காணப்படும் கூட்டற்குறிப் பொத்தானும் இக்கருத்தையே ஒட்டியது.

இனிக் கட்டங்களுக்கு வருவோம். மாதக்காட்சி ஏழு நிரல்களைக் கொண்டது. முப்பத்தொரு நாள் மாதம் ஏழாம் நிரலிலே தொடங்கினால் ஆறு நிரைகள் வேண்டும். ஆக, நாற்பத்திரண்டு கட்டங்கள். அச்சிட்ட சுவர் நாட்காட்டிகள் ஆறாம் நிரைக்கு இடமின்றி, முப்பதாம் முப்பத்தோராம் நாட்களை முதல் நிரையின் வெற்றுக் கட்டங்களில் ஏற்றிவைப்பதை நேயர்கள் கண்டிருப்பர். முதல் நிரல் ஞாயிறா திங்களா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். 1988இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 என்னும் சர்வதேச நியமம் வாரத்தைத் திங்களிலே தொடக்குகின்றது. அமெரிக்க நாட்காட்டிகள் ஞாயிற்றிலே தொடக்குகின்றன. பழகிய கண், நிரலின் இடத்தைக்கொண்டே கிழமையை அறியும். மேலே எழுதியிருக்கும் பெயரை வாசிப்பதில்லை. ஆதலால் ஞாயிறு முதலாக வரும் நாட்காட்டியிற் பழகியவர், திங்கள் முதலாக வரும் ஒன்றிலே அவசரமாகத் தொட்டால், ஒரு நாள் தவறிக் குறித்தல் எளிது.

வாரம் என்பது ஏழு நாள் என்னும் எண்ணம் இக்கட்டங்களில் அசைக்க முடியாதவாறு ஊறியிருக்கின்றது. நமது நாட்டிலோ 1966 முதல் 1971 வரை, வார விடுமுறை ஞாயிற்றைச் சாராது போயா நாட்களைச் சார்ந்திருந்தது. நிலவின் நான்கு பருவங்களுக்கு இடைப்பட்ட காலம் சராசரியாக ஏழேகால் நாளுக்குச் சற்று மேற்பட்டது. ஆகவே அடுத்த போயா வருவது சில வேளை ஏழு நாளில், சில வேளை எட்டு நாளில். இன்றுள்ள எந்தப் பெருவழக்கான நாட்காட்டி மென்பொருளை எடுத்தாலும், வேலை நாட்கள் எவையெனக் கிழமைப் பெயர்களைக்கொண்டு தெரியலாமேயொழிய, நிலவைக்கொண்டு தெரிதல் இயலாது. ஓய்வு நாளைக் குறிக்கும் மங்கிய நிறம், மேலிருந்து கீழாக ஒரு நிரல் முழுவதையும் பற்றிக்கொள்ளும். அக்கால இலங்கைக்கு அது பயன்பட்டிராது. அமைப்பாளர் நன்கறிந்த உலகம் எதுவோ அதுவே கட்டமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டிலேன்.

இவற்றிலும் ஆழமான வினா ஒன்று உண்டு. நிகழ்வும் பணியும் ஒன்றா, வேறா? காலை ஆறு மணிக்கு யாழ்தேவி புறப்படுவது நிகழ்வு என வைத்துக்கொள்வோம். நாம் போனாலும் போகாவிட்டாலும் அந்நேரம் வந்து கழிந்துவிடும். அத்தைக்குக் கடிதம் எழுதுவது பணி. இன்று எழுதாவிடின் அது கழிந்து போவதில்லை. நாளையும் நம் முன்னே நிற்கும். மென்பொருள்கள் தமக்குள்ளே குறிப்புகளைப் பரிமாறுவதற்காக 1998இல் ஐகலண்டர் என்னும் பொதுவரையறை வெளியிடப்பட்டது. 2009இல் அது திருத்தப்பட்டது. அவ்வரையறை இவ்விரண்டையும் தனித்தனி இனங்களாகவே கொண்டது. நிகழ்வுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பணிக்கு உரியது, எந்நாளுக்குள் முடித்தல் வேண்டும் என்பதும், எவ்வளவு முடிந்தது என்பதும் ஆகும்.

ஆனால் ஏட்டிலே பிரித்தது போல மனத்திலே பிரிப்பது எளிதன்று. மருந்து வாங்குவதை நிகழ்வாகக் குறிப்பதா, பணியாகக் குறிப்பதா, நினைவூட்டலாகக் குறிப்பதா? கூகிள் நாட்காட்டியில் நினைவூட்டல் ஒன்றும் பணி ஒன்றுமாக ஏறக்குறைய ஒரே வேலைக்கு இரண்டு வாயில்கள் நெடுங்காலம் இருந்தன. 2023இல் அந்நிறுவனம் நினைவூட்டல்களைப் பணிகளோடு ஒன்றாக்கிற்று. குறிப்பு எழுத வருபவரை வாயிலிலே நிறுத்தி, நீ எழுதப்போவது எவ்வினம் என்று கேட்பது, அவருக்கு விடை தெரியாத கேள்வியைக் கேட்பதாகும்.

செய்யாது விட்ட பணியைத் திரை எவ்வாறு காட்டுகின்றது என்பதிலேதான் அமைப்பாளரின் உள்ளம் தெரியும். நேற்றைய கட்டத்திலேயே அதனை விட்டுவைக்கலாம். அவ்வாறு விட்டால் அது கண்ணில் படாமற் புதைந்து போகும். இன்றைய பட்டியலுக்கு அதனைத் தானாகவே கொண்டுவரலாம். கொண்டுவந்தால் எதை எப்போது செய்ய எண்ணினோம் என்ற சுவடு அழியும். தவறியவை எனத் தனியே குவித்துச் சிவப்பு நிறம் தீட்டலாம். பெரும்பாலானோர் மூன்றாவதையே தெரிந்துள்ளனர். என் கருத்தில் அது நல்ல தெரிவன்று. சிவப்பு என்பது உடனே கவனிக்கத்தக்க ஓரிரு விடயங்களுக்குரியது. நாற்பது பணிகள் சிவந்து கிடக்கும் திரையைக் காலையிலே திறப்பவர், சில நாட்களில் அம்மென்பொருளைத் திறப்பதையே விட்டுவிடுவார். அன்றே செய்தாக வேண்டிய நாற்பத்தோராவது பணியும் அத்தோடு மறைந்து போகும்.

இன்னொரு குறை. பொதுவரையறையிலே பணிக்கு முடிந்தது என்னும் நிலையோடு கைவிடப்பட்டது என்னும் நிலையும் கூறப்பட்டிருக்கின்றது. திரையிலோ பெரும்பாலும் இரண்டே வழிகள்: முடிந்ததெனச் சரிக்குறி இடலாம், அல்லது அடியோடு அழிக்கலாம். விலைபேசிய காணியை வாங்குவதில்லை என்று குடும்பத்தார் கூடி முடிவு செய்தனர் எனக் கொள்வோம். அது செய்து முடித்த பணியன்று. எண்ணியே பாராத பணியுமன்று. ஆண்டு கழித்து, ஏன் வாங்கவில்லை என்று ஒருவர் கேட்கும்போது, அம்முடிவு எடுத்த நாளைக் காட்டக்கூடிய குறிப்பு அழிந்துபோயிருக்கும்.

மீண்டும் மீண்டும் வரும் நிகழ்வுகள் அமைப்பாளருக்குப் பெருந்தலைவலி தருவன. புதன்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குச் சங்கீத வகுப்பு என்று நாம் குறித்தால், மென்பொருள் ஐந்நூறு புதன்கிழமைகளில் ஐந்நூறு குறிப்புகளை எழுதுவதில்லை. ஒரே ஒரு விதியை எழுதிவைத்து, நாம் எந்த மாதத்தைப் பார்க்கின்றோமோ அம்மாதத்துக்கு அதனை விரித்துக் காட்டுகின்றது. இந்த வாரம் மட்டும் ஆசிரியை ஐந்து மணிக்கு வரச்சொல்கிறார் என்று ஒரு கட்டத்தை இழுத்து நகர்த்தினால், உடனே மென்பொருள் ஒரு வினா எழுப்பும்: இது ஒன்று மட்டுமா, இதுவும் இனி வருவனவுமா, எல்லாமா? பலர் இதனை வீண் தொந்தரவென்று எண்ணி, முதலிற் கைபடும் விடையைத் தொட்டுவிடுவர். ஆனால் இது கேட்டேயாக வேண்டிய வினா. எல்லாம் என்று சொன்னால், சென்ற ஆண்டின் வகுப்புகளும் ஐந்து மணிக்கு நடந்தனவாக மாறிவிடும். நாட்காட்டி என்பது வருவதற்கு மட்டுமன்றி வந்து போனதற்கும் சாட்சி. வேலையாளின் வருகையையோ மருத்துவரிடம் சென்ற நாளையோ அதிலே குறித்துவைப்பவருக்கு இஃது அற்ப விடயமன்று.

தொடக்கத்திற் கூறிய முப்பத்தோராம் நாளை இங்கே எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் முப்பத்தோராம் நாள் என்ற விதியிலிருந்து இல்லாத நாள் பிறந்தால் அதனைத் தள்ளிவிடுக என்று ஐகலண்டர் வரையறை கூறும். அதனை அப்படியே பின்பற்றும் மென்பொருளிலே, ஆண்டில் ஐந்து மாதங்களில் நமது வட்டித் தவணை ஓசையின்றி மறைந்துவிடும். மைக்ரோசொப்டின் அவுட்லுக் வேறு வழியை மேற்கொண்டது. குறுகிய மாதங்களில் இந்நிகழ்வு மாதத்தின் கடைசி நாளில் வரும் என்று, குறிக்கும்போதே நமக்கு அறிவித்துவிடுகின்றது. கணக்கிலே முன்னது சுத்தமானது. ஆயினும் முப்பத்தோராம் நாளைக் குறிப்பவர் பெரும்பாலும் மாதக் கடைசி என்பதையே கருதுகின்றார். அவர் கருத்தை ஊகித்ததோடு நில்லாமல், ஊகித்தது இன்னதென வெளிப்படச் சொன்னமையே அவுட்லுக்கின் சிறப்பு.

நம்மவருக்கு இதனிலும் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. தந்தையார் மறைந்த திதி ஆண்டுதோறும் ஆங்கிலத் தேதியில் நிலையாக வருவதில்லை. பஞ்சாங்கம் பார்த்தே அறிய வேண்டும். அதிலும் வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு யாழ்ப்பாணத்து வீடுகளில் தீர்ந்தபாடில்லை. வெளிநாட்டிலே வாழும் மகன், இவ்வாண்டுத் திவசம் வந்த தேதியைத் தன் கைத்தொலைபேசியிற் குறித்து, ஆண்டுதோறும் என்பதைத் தொட்டுவிட்டால், அடுத்த ஆண்டிலே அக்கருவி கொஞ்சமும் தயங்காமற் பிழையான நாளை அறிவிக்கும். பிற நாட்காட்டி முறைகளின்படி நிகழ்வுகளைத் திரும்ப வரச்செய்வதற்கு 2015இல் பொதுவரையறைக்கு ஒரு விரிவு சேர்க்கப்பட்டது. சீன, எபிரேய, எதியோப்பிய முறைகள் போன்றவற்றுக்கு அதில் வழி உண்டு. இத்தகைய மென்பொருள்கள் சார்ந்திருக்கும் நாட்காட்டிப் பட்டியலில் இந்திய அரசின் சக ஆண்டு முறையும் இருக்கின்றது; திதி கணிக்கும் பஞ்சாங்கத்துக்குத்தான் இடமில்லை. ஆகவே இத்தகைய நாட்களை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் குறிப்பதே இப்போதைக்குப் பாதுகாப்பு. சித்திரையிலே புதுப் பஞ்சாங்கம் வாங்கியதும் அவ்வாண்டுக்குரிய திதிகளைக் குறிக்குமாறு ஒரு பணியை ஆண்டுதோறும் வரவிடலாம், அது தவறாது.

இனி மணிக்கூட்டைப் பற்றி. யாழ்ப்பாணத்திலுள்ள தாயாரும் ரொறன்ரோவிலுள்ள மகளும் ஞாயிறுதோறும் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் ரொறன்ரோவிற் காலை ஒன்பது மணியாகும்போது யாழ்ப்பாணத்தில் மாலை ஏழரை மணி. மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று அங்கே மணிக்கூடுகளை ஒரு மணி முன்தள்ளுவர், இங்கே தள்ளுவதில்லை. அன்று முதல் அழைப்பு யாருடைய நேரத்தைப் பின்பற்றும்? மகள் தன் கருவியிற் குறித்திருந்தால் அவளுக்கு ஒன்பது மணி ஒன்பது மணியாகவே நிற்கும். அம்மாவுக்கு ஏழரை, ஆறரை ஆகிவிடும். அம்மா குறித்திருந்தால் அவருடைய ஏழரை அசையாது. மகளுக்குப் பத்து மணி ஆகும். அழைப்பை எவர் உண்டாக்கினாரோ அவருடைய ஊரே அரசு செய்கின்றது. திரையிலோ இதைப்பற்றிய குறிப்பு ஒரு சிறிய பூகோளப் படத்துக்குப் பின்னே, அல்லது மேலும் என்னும் சொல்லுக்குப் பின்னே மறைந்திருக்கும். மாலை விளக்கேற்றும் நேரத்திலே மணி அடிக்க, அம்மா திடுக்கிட்டு, என்னவோ ஏதோவென்று ஓடிவருவார்.

நேரத்தைச் சேமித்துவைக்க இரண்டு முறைகள் உண்டு. உலகப் பொது நேரத்தில் இன்ன கணம் என்று வைப்பது ஒன்று. இன்ன ஊரின் மணிக்கூட்டில் இன்ன மணி என்று வைப்பது மற்றையது. நடந்து முடிந்த விடயங்களுக்கு முன்னது பொருந்தும். எதிர்காலத்துக்குப் பின்னதே ஏற்றது. ஏனெனில் அரசுகள் மணிக்கூட்டை மாற்றுவதுண்டு. இலங்கையர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், மின்சாரப் பற்றாக்குறையின் நிமித்தம், நமது நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரைமணி பின்வாங்கப்பட்டது. 2006இல் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மற்றை அரைமணியும் மீண்டது. வடக்கில், அந்நாளில் அரச கட்டுப்பாட்டுக்கு அப்பால் இருந்த பகுதிகளிலே பழைய நேரமே வழங்கியமையும் பலருக்கு நினைவிருக்கும். இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். 2006 மார்ச்சிலே ஒருவர், மே மாதத்துச் சந்திப்பொன்றைக் கொழும்பு நேரம் ஒன்பது மணி எனக் குறிக்கின்றார். மென்பொருள் அதனை உலகப் பொது நேரம் மூன்று மணி என மாற்றிச் சேமிக்கின்றது. மே மாதத்தில் நாட்டின் நேரம் அரைமணி பின்சென்ற பிறகு அது எட்டரை மணியெனக் காட்டும். மனிதர் வாக்குக் கொடுத்தது ஒன்பது மணிக்கு. கருவி காத்தது வேறொரு கணத்தை.

அடுத்த ஆண்டே ஐக்கிய அமெரிக்காவில் இதே தொல்லை பெருமளவில் நிகழ்ந்தது. 2005இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, 2007 முதற்கொண்டு கோடைகால நேரம் மூன்று வாரம் முந்தித் தொடங்கி, ஒரு வாரம் பிந்தி முடிந்தது. முன்னரே குறித்துவைத்த சந்திப்புகள் அவ்விடைப்பட்ட வாரங்களில் ஒரு மணி விலகி நின்றன. அவற்றைச் சரிசெய்வதற்கென்றே மைக்ரோசொப்ட் ஒரு தனிக் கருவியை வழங்க நேர்ந்தது. இம்மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் நேர வலயத் தரவுத்தளம் ஒன்று உண்டு. ஆதர் டேவிட் ஒல்சன் என்பவர் 1980களிலே தொடங்கியது அது. இன்று உலகின் கணினிகளிலும் தொலைபேசிகளிலும் பெரும்பகுதி அதனைச் சார்ந்து நிற்கின்றது. அதிலே நம் வலயத்தின் பெயர் ஆசியா, கொழும்பு என்பது. எண்ணைத் தெரியாமல் ஊரைத் தெரியுமாறு கேட்கும் திரைகள் இக்காரணத்தாலேயே நல்லவை. ஐந்தரை என்ற எண் மாறலாம்; கொழும்பு கொழும்பாகவே இருக்கும். இத்தரவுத்தளத்தின் மீது 2011இல் ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டு அதனைக் கைவிட்டது. சோதிடர்க்குப் பழைய மணிக்கூட்டு மாற்றங்களின் அருமை தெரியும். 1996க்கும் 2006க்கும் இடையிற் பிறந்த பிள்ளைகளின் சாதகம் கணித்த நம்மூர்ச் சோதிடரும் அரைமணியையோ ஒரு மணியையோ கழித்தே கணித்திருப்பர்.

எந்த ஊருக்கும் கட்டுப்படாத நேரமும் உண்டு. காலை எட்டு மணிக்குக் குருதியழுத்த மாத்திரை என்பது, நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் இலண்டனுக்குப் போயிருந்தாலும் அவ்வூர்க் காலை எட்டு மணியே. பிறந்தநாளும் அத்தகையது. முற்காலத்து அவுட்லுக் நாள்முழுதுமான நிகழ்வை நள்ளிரவு தொடங்கி நள்ளிரவு வரையெனச் சேமித்தமையால், பயணம் போனவரின் திரையிலே ஒரு பிறந்தநாள் இரண்டு நாட்களின் மேல் பரவிக் கிடக்கும்.

முன்னிருப்புகளின் ஆட்சி காலத்தின் அளவிலும் உண்டு. புதிய சந்திப்பு ஒன்றைத் தொட்டால் அவுட்லுக் அதற்கு அரைமணி கொடுக்கும். கூகிள் ஒரு மணி கொடுக்கும். பத்து நிமிடத்திற் பேசித் தீரக்கூடிய விடயமும், திரை ஒரு மணி கொடுத்துவிட்டதால் ஒரு மணிக்கு நீள்வதைக் கந்தோர்களிலே காணாதார் இல்லை. கூகிள் நாட்காட்டியில் அரைமணியை இருபத்தைந்து நிமிடமாகவும் ஒரு மணியை ஐம்பது நிமிடமாகவும் குறுக்கும் ஒரு தெரிவு உண்டு. அதனைத் தேடிச் சென்று இயக்க வேண்டும். அழைப்புகளுக்கு விடையளிக்கப் பொதுவரையறை தரும் சொற்களுள் மூன்று இவை: வருவேன், வரமாட்டேன், வரக்கூடும். மூன்றாவது சொல்லை நாம் வரப்பார்க்கிறேன் என்று வழங்குகின்றோம். அதன் பொருள் பெரும்பாலும் இரண்டாவது என்பதைக் கருவி அறியாது. நமது நாட்குறிப்பிலே பிறர் எழுதலாமா என்பது இன்னும் பெரிய வினா. எவர் அனுப்பிய அழைப்பையும் தானாகவே கட்டத்திற் பதிந்துகொள்ளும் முன்னிருப்பினால், 2019இல் கூகிள் நாட்காட்டி பாவிப்போர் பலருடைய திரைகளில் மோசடிக்காரரின் பொய்ப் பரிசு அறிவிப்புகள் சந்திப்புகளாக வந்து நின்றன. அறிந்தவர் அனுப்பினால் மட்டும் பதிக என்னும் தெரிவு இப்போது உண்டு. கைத்தொலைபேசி வைத்திருக்கும் முதியோருக்கு வீட்டிலுள்ள இளையோர் இதனை இயக்கிக் கொடுத்தல் நன்று.

திரையைக் காணாதோரைப் பற்றிக் கூறுவதாகச் சொன்னேன். கண்பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையால் நாட்காட்டியைக் காதாற் கேட்கின்றனர். மாதக்காட்சியை ஒரே பார்வையில் அளந்து, இந்த வாரம் நெருக்கம், அடுத்த வாரம் ஓய்வு என்று அறிவது கண்ணுக்கு எளிது. காதுக்கோ நாற்பத்திரண்டு கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாகவே வரும். இதற்காக வலைத்தள நியமங்களை வகுப்போர் சில விசை ஒழுங்குகளைப் பரிந்துரைத்துள்ளனர். நாட்காட்டிக் கட்டத்தில் இடவல அம்புக்குறிகள் ஒரு நாளும், மேல்கீழ் அம்புக்குறிகள் ஒரு வாரமும், பக்க விசைகள் ஒரு மாதமும் நகர்த்த வேண்டும் என்பது அவ்வொழுங்கு. நிறத்தால் மட்டும் பொருள் உணர்த்துவதும் தகாது. அலுவலகம் பச்சை, வீடு சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பிப் பிரித்தால் பார்வையற்றோர்க்கு அது இல்லாத பிரிவு. வட ஐரோப்பிய மரபினரான ஆண்களில் ஏறக்குறைய 8 வீதத்தினர்க்குச் சிவப்பும் பச்சையும் வேறுபடுத்தி அறிதல் கடினம் என்பதும் கருதத்தக்கது.

காதுக்கு உகந்தது கட்டமன்று, பட்டியல். இன்று காலை பத்து மணிக்கு வங்கி, நாளை ஒன்றுமில்லை, வெள்ளி மாலை கோயில் என்று நிகழ்வுகளை மட்டும் ஒழுங்காகச் சொல்லிச் செல்லும் காட்சி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அட்டவணை என்றும் நிகழ்ச்சிநிரல் என்றும் அதற்குப் பெயரிட்டிருப்பர். வெறும் நாட்களுக்கு அது இடம் கொடாது. சிறிய திரையிலே மாதக்காட்சியின் எழுத்துகள் இரண்டெழுத்தில் அறுந்து நிற்பதைக் கண்டு சலித்தவர்களும், கண்ணாடி அணிந்தும் கட்டங்களை வாசிக்க இயலாத முதியவர்களும் அதனையே தெரியலாம். பலவற்றில் அக்காட்சி முன்னிருப்பாக வருவதில்லை. திரையின் மேல் மூலையிலுள்ள மூன்று கோடுகளைத் தொட்டால், நாள், வாரம், மாதம் ஆகியவற்றின் அருகே அதன் பெயரும் காணப்படும்.